சாமி ஊதிய குழாய்

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு என்றாலே உங்களுக்கெல்லாம் ஒரு இளக்காரம். எனக்குத் தெரியும். கட்டுக்கட்டாக வரும், வந்தவனெல்லாம் ஆமாம் சாமி என்று தலையாட்டி அபராதத்தைக் கட்டிவிட்டுப் போவான், நாமும் டீ ஆறுவதற்குள் எழுந்துவிடலாம். அந்த இளக்காரத்தைப் பிடுங்கி எறிவதற்குத்தான் இதை எழுதுகிறேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாறி மாறி உதவி அரசு வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குரலும் பெரிது, கோபமும் பெரிது என்று பெயர் வாங்கியவள். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

1993இல் நான் விழுப்புரத்தில் சேர்ந்தபோது எங்கள் பக்கத்தில் மெஷின் ஏது? பிடித்த ஆளைப் போலீஸ் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும். டாக்டர் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்ப்பார், கோட்டின் மேல் நடக்கச் சொல்வார், சான்றிதழ் எழுதுவார். அந்த வருடம் ஒரு லாரி டிரைவர் வழக்கில் சாட்சி சொல்ல வந்த டாக்டர் கூண்டில் ஏறியதிலிருந்து தும்மிக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், அதிர்ந்து பேசமாட்டார். ஜலதோஷம் எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். இது சைனஸ், வருஷக்கணக்காக இருக்கிறது என்றார் டாக்டர். வாசனையெல்லாம் தெரியுமா என்றார் வக்கீல். காப்பி வாசனையே தெரிவதில்லை என்று டாக்டர் உண்மையைச் சொல்லிவிட்டார். மாஜிஸ்ட்ரேட்டே சிரித்துவிட்டார். என் வழக்கு அங்கேயே படுத்துவிட்டது.

வெளியே வந்து அந்த வக்கீலை முறைத்தேன். அவர் கோபப்படவில்லை. "நான் கேட்டதை நீ மொதல்லயே கேட்டிருந்தா இந்தக் கேஸை இவ்ளோ தூரம் இழுத்துக்கினு வந்திருக்க மாட்டியேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எதிராளி கேட்கப் போகிற கேள்வியை அவனுக்கு முன்னால் நம் சாட்சியிடம் நாம் கேட்டுவிட வேண்டும். என் வேலைக்காலம் முழுக்க எனக்குச் சோறு போட்டது அந்த ஒரு பேச்சு.

பிறகு மெஷின் வந்தது. மூச்சுக்காற்றை அளந்து ரத்தத்தில் எவ்வளவு சாராயம் என்று சொல்லும். அளவை அச்சடித்து ஒரு சீட்டாகவும் துப்பும். அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு. மெஷினுக்கு ஜலதோஷம் பிடிக்காது என்று எல்லாரையும் போல நானும் நிம்மதியாக இருந்தேன்.

இனி திண்டிவனத்து வழக்கு. 2010 தாண்டிய பிறகு நடந்தது. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன்.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வருகிற சாலையில் ஒரு மார்கழிக் காலையில், விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்க மொபெட்டில் போய்க்கொண்டிருந்த விவசாயி ஒருவரைத் தனியார் பஸ் ஒன்று அடித்துவிட்டது. ஆள் அங்கேயே போய்விட்டார். பஸ்ஸை ஓட்டியவர் ஏழுமலை. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். காக்கிச் சட்டைக்குள் துளசிமணி, இடுப்பில் கறுப்பு வேட்டி. ஸ்டேஷனில் ஊத வைத்தார்கள். சட்டம் சொன்ன அளவுக்கு மேலேயே காட்டியது.

ஊர் கொதித்துப் போனது. ஆளைக் கொன்றதோடு, மாலையைப் போட்டுக்கொண்டு குடித்திருக்கிறானே பாவி என்றுதான் எல்லாருக்கும் ஆத்திரம். அவருடைய குருசாமி ஸ்டேஷனுக்கே வந்து, எல்லார் எதிரிலும் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனார். பஸ் முதலாளி அன்று சாயங்காலமே அவரை வேலையைவிட்டு நீக்கினார். குடித்துவிட்டு வந்தவனுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்துவிட்டார்.

வழக்கு என் கைக்கு வந்தது. அஜாக்கிரதையால் மரணம் என்று ஒரு குற்றச்சாட்டு, குடித்துவிட்டு ஓட்டியதாக இன்னொன்று. இறந்தவரின் மனைவி அஞ்சலை ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து ஏழுமலையையே பார்த்துக்கொண்டிருப்பார். அழமாட்டார், பேசமாட்டார். அந்தப் பார்வைக்குப் பயந்தே ஏழுமலை கூண்டில் தலையைக் குனிந்துகொள்வார்.

சாட்சி விசாரணைக்கு முன்னால் ஒவ்வொரு சாட்சியையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது என் வழக்கம். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, இதையே கோர்ட்டில் சொல்லு என்று அனுப்பிவிடுகிற ஆள் நானில்லை. பேப்பரை மூடிவிட்டு, இதில் இல்லாதது என்னவெல்லாம் நடந்தது என்று கேட்பேன். மெஷினைக் கையாண்ட ஏட்டு நல்ல மனிதர், வருடா வருடம் மலைக்குப் போகிறவர். அவரிடமும் அதையேதான் கேட்டேன். அவருக்குச் சொல்ல ஒரு பெருமையான விஷயம் இருந்தது.

"சாமி கொழாயில வாய வெக்க மாட்டேன்னுட்டாரு மேடம். எச்சி கொழாயி, நான் மாலை போட்டிருக்கேன்னு ஒரே பேஜாரு. புதுக் கொழாயி ஸ்டாக்குல இல்ல. அதான் ஃபஸ்ட் எய்டு டப்பாவுல இருந்த ஸ்பிரிட்ட பஞ்சுல நல்லா நனைச்சி, உள்ள வெளிய தொடைச்சி, இப்ப எச்சி இல்ல சாமி, சுத்தமா இருக்குது, ஊதுங்க சாமின்னு குடுத்தேன். உடனே ஊதிட்டாரு."

ஸ்பிரிட்டா என்று இரண்டு தடவை கேட்டேன். ஏட்டு இன்னும் புன்னகையோடுதான் உட்கார்ந்திருந்தார். குற்றவாளியானாலும் சாமியின் விரதத்துக்குப் பங்கம் வராமல் நடந்துகொண்டார் என்று நான் மெச்சுவேன் என எதிர்பார்த்திருக்கிறார், பாவம்.

அந்த மெஷினை எடுத்து வரச் சொன்னேன். இப்போது புதுக் குழாய்கள் வந்திருந்தன. ஒன்றை மாட்டி நானே ஊதினேன். ஒன்றுமில்லை என்று காட்டியது. பிறகு அதே குழாயை அன்று செய்த மாதிரியே ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்லி மறுபடி ஊதினேன். காலையில் ரெண்டு இட்லியும் காப்பியும் மட்டும் சாப்பிட்டிருந்த என்னை அந்த மெஷின் முழுக் குடிகாரி ஆக்கிவிட்டது. என் ஆயுளில் நான் போதையில் இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

சீட்டைப் பார்த்த ஏட்டுக்கு முகம் செத்துவிட்டது. நல்லதுதானே செய்தேன் மேடம் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகு வேறு ஒன்றும் சொன்னார். ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று ஏழுமலையே அன்று கெஞ்சியிருக்கிறார். ஊதியதே போதும், சீட்டு வந்துவிட்டதே என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். ரத்தம் எடுத்திருந்தால் அன்றைக்கே உண்மை வெளியே வந்திருக்கும்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். மெஷின் தப்பு செய்யவில்லை. அதன் குழாயில் சாராயச் சத்து இருந்தது, இருக்கிறது என்று சொன்னது. அது மனுஷன் வயிற்றிலிருந்து வந்ததா, பஞ்சிலிருந்து வந்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்பதற்குத்தான் அரசாங்கம் நமக்குச் சம்பளம் கொடுக்கிறது.

விஷயம் இன்ஸ்பெக்டருக்குப் போனது. அன்று சாயங்காலமே என் அறைக்கு வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். எதிர்த்தரப்புக்கு இது தெரியாது, அவர்கள் மெஷினை எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்பார்கள், அந்தச் சான்றிதழ் நம்மிடம் சரியாக இருக்கிறது, நீங்களாக ஏன் எடுத்துக்கொடுக்கிறீர்கள் என்றார். கடைசியில் சொன்னதுதான் என்னைக் குத்தியது.

"செத்தவன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க மேடம்."

பார்த்தேன். அடுத்த நாள் அஞ்சலையை வரச்சொல்லி, எதையும் மறைக்காமல் சொன்னேன். அன்று ஏழுமலை குடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அதைக் கோர்ட்டில் நானே சொல்ல வைக்கப் போகிறேன் என்றேன். இத்தனை நாள் பேசாமல் இருந்தவர் அன்றுதான் வாய் திறந்தார்.

"நீங்க யாருக்கு வக்கீலு?"

சுருக்கென்று தைத்தது. கோபம்கூட வந்தது. அந்தக் கோபம் அவர் மேல் இல்லை, அந்தச் சீட்டின் மேல். ஏனென்றால் அந்தச் சீட்டு கையில் இருந்த தைரியத்தில் போலீஸ் வேறு எதையுமே செய்யவில்லை. டயர் தேய்ந்த தடத்தை அளக்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களில் உருப்படியாக ஒருவரை விசாரிக்கவில்லை. குடித்திருந்தான், அடித்தான், முடிந்தது. குடி என்ற ஒரு பதில் கிடைத்ததும் வேறு கேள்வியே யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அந்தச் சீட்டு விழுந்தால் அதன்மேல் சாய்த்து வைத்திருந்த மொத்த வழக்கும் சரியும். அந்த ஆள் உயிர் போனதற்குக் காரணம் என்னவென்றே தெரியாமல் போய்விடும்.

அஞ்சலையிடம், உனக்குத்தான் வக்கீல் என்று சொன்னேன். பொய்ச் சீட்டை வைத்து ஜெயித்தால் அப்பீலில் ஒருநாள் அது கிழியும், அன்று உனக்கு ஒன்றுமே மிஞ்சாது, உன் வீட்டுக்காரர் எதனால் செத்தார் என்று நான் கண்டுபிடிக்கிறேன், எனக்குக் கொஞ்சம் நேரம் கொடு என்றேன். அவர் என்னை நம்பினாரா என்று தெரியாது. எழுந்து போய்விட்டார்.

இன்ஸ்பெக்டரை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை நான் மரியாதை பார்க்கவில்லை. மேல் விசாரணைக்குக் கோர்ட்டில் மனுப் போடுங்கள், அந்தப் பஸ்ஸில் தினமும் வருகிறவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்து விசாரியுங்கள், இல்லையென்றால் ஏட்டு சொன்னதோடு சேர்த்து ரத்தம் ஏன் எடுக்கவில்லை என்பதையும் நானே கூண்டில் உங்களைக் கேட்பேன் என்றேன். கேட்கக்கூடியவள்தான் என்று அவருக்குத் தெரியும். மனுப் போட்டார். அனுமதியும் கிடைத்தது. அதன்பிறகு ஒழுங்காகவே வேலை செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படிக் கிடைத்த சாட்சிதான் மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து தினமும் அந்தப் பஸ்ஸில் திண்டிவனத்துக்கு மீன்கூடை ஏற்றி வருகிற அம்மாள். விபத்தன்று டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர். முதலில் விசாரித்த போலீஸ்காரர் கூடையை ஓரமாக எடு என்று சொன்னதோடு சரி, ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டார்.

"குடிச்சிருந்தா எனக்குத் தெரியாதா மேடம்? எங்க ஊட்ல ரெண்டு பேரு குடிக்கிறானுங்க. அந்தாளு மேல கற்பூர வாடைதான் வந்துச்சி. ஆனா மின்னால போய்க்கினு இருந்த பஸ்ஸ முந்தணும்னு பறந்தான் பாரு, எனக்கே நெஞ்சு அடைச்சிக்கிச்சி. தெனைக்கும் அந்த ரெண்டு பஸ்ஸுக்கும் இதே ரோதனைதான்."

டைமிங். எங்கள் பக்கத்தில் தனியார் பஸ்ஸில் போன யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. முன்னால் போகிற பஸ் இரண்டு நிமிடம் தாமதித்து நம் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். பின்னால் வருகிறவன் அடுத்த நிறுத்தத்துக்குள் அவனை முந்த வேண்டும். முந்தாவிட்டால் முதலாளியிடம் பாட்டு. நாங்களும்தான் ஜல்தி போப்பான்னு சொல்லுவோம் என்று அந்த அம்மாள் கடைசியில் குரலைத் தணித்துச் சொன்னார். அதே பஸ்ஸில் வருகிற ஒரு பள்ளி ஆசிரியரும் இதையே சொன்னார். முந்தும்போது எதிரே வந்த மொபெட்டைப் பார்த்தும் ஏழுமலை பிரேக்கில் கால் வைக்கவில்லை, முந்திவிடலாம் என்றே நினைத்தார் என்றார். இப்போது தெரிகிறதா, டிரைவர் குடித்திருந்தார் என்று முடிந்தால் யாருக்கு நிம்மதி என்று?

சாட்சி விசாரணை வந்தது. ஏட்டைக் கூண்டில் ஏற்றினேன். கோர்ட்டின் பின்பக்கம் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். ஏட்டு அவரை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குழாயைக் கொடுப்பதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று, எதிர்த்தரப்பு எழுந்திருப்பதற்கு முன்பே, முதல் விசாரணையிலேயே கேட்டேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன் என்று தெளிவாகச் சொன்னார். மாஜிஸ்ட்ரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உங்கள் சாட்சியை நீங்களே கவிழ்க்கிறீர்களே என்று கேட்கிற பார்வை. எதிர்த்தரப்பு வக்கீல் மெஷின் சான்றிதழைப் பற்றி இருபது கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் கையிலேயே வாடிப்போயிற்று. ஆனால் மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. இந்த ஒன்று விழுந்தால் எல்லாம் விழுந்த மாதிரி என்று தன் ஜூனியரிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

விழவில்லை. மீன்கார அம்மாளையும் ஆசிரியரையும் அவரால் அசைக்க முடியவில்லை. குடியைப் பற்றி நாங்களே உண்மையைச் சொல்லிவிட்டதால் வேகத்தைப் பற்றி நாங்கள் சொன்னதைச் சந்தேகிக்க யாருக்கும் காரணம் இல்லாமல் போய்விட்டது. இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கத்து ஓட்டையை நாமே காட்டினால் வழக்கு இளைத்துப்போகும் என்று பயப்படாதீர்கள். என் அனுபவத்தில் அதற்குப் பிறகுதான் அது எழுந்து நிற்கும்.

சாட்சியெல்லாம் முடிந்ததும், சாட்சிகள் சொன்னதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, நீ என்ன சொல்கிறாய் என்று மாஜிஸ்ட்ரேட் குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்பார் அல்லவா? எல்லாவற்றுக்கும் பொய் என்று ஒரே வார்த்தை சொல்லும்படி வக்கீல்கள் சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள். ஏழுமலையும் அப்படித்தான் தொடங்கினார். குடித்திருந்ததாகச் சொல்கிறார்களே என்றதும், பொய் என்று சத்தமாகச் சொன்னார். அதைச் சொல்வதற்காகவே இத்தனை நாள் காத்திருந்தவர் போலிருந்தது. முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்காக வேகமாக வந்ததாகச் சொல்கிறார்களே என்று அடுத்த கேள்வி வந்தது. ஏழுமலை வாயைத் திறந்தார், மூடினார். வக்கீல் தொண்டையைக் கனைத்தார். ஏழுமலை முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அஞ்சலையைப் பார்த்தார்.

"மெய்தாங்க."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு நாளன்று ஏட்டு சாதாரண உடையில் வந்திருந்தார். கூடவே குருசாமியும். ஏட்டே அவர் வீட்டுக்குப் போய், தன்னால் நடந்ததைச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்திருக்கிறார். குடித்துவிட்டு ஓட்டியதாகச் சொன்ன குற்றம் நிரூபிக்கப்படவில்லை, அதிலிருந்து விடுதலை என்று மாஜிஸ்ட்ரேட் படித்தபோது குருசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்குச் சிறை. அப்பீல் போகலாம், இன்றைக்கே ஜாமீன் வாங்கிவிடலாம் என்று வக்கீல் சொன்னார். ஏழுமலை வேண்டாம் என்றுவிட்டார்.

வராந்தாவில் போலீஸ்காரர்கள் அவரை வேனுக்கு அழைத்துப் போகும்போது குருசாமி குறுக்கே வந்து நின்றார். பக்கத்திலேயே அஞ்சலை நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் நான். குருசாமியின் கையில் அன்று கழற்றிக்கொண்டு போன அதே துளசிமாலை. தப்பு பண்ணிட்டேன் சாமி, வெளியே வந்ததும் என் கையாலேயே போட்டுவிடுகிறேன் என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இந்த மனிதர் இத்தனை காலம் துடித்தார், வாங்கிக்கொண்டு அழப்போகிறார் என்று நினைத்தேன்.

ஏழுமலை மாலையைத் தொடவில்லை.

"வேணாம் குருசாமி. குடிக்கலன்னு ஆயிடிச்சி, அது போதும். ஆனா இந்த மாலையப் போட்டுக்கினுதான் அந்தாளு மேல வண்டிய ஏத்துனேன்."

போலீஸ்காரர்கள் அவரை வேனில் ஏற்றினார்கள். வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அஞ்சலை முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"இத அவன் வாயால கேக்கணும்னுதாங்க நான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தேன்" என்றார் என்னிடம். பிறகு பையை எடுத்துக்கொண்டு மரக்காணம் பஸ் பிடிக்கப் போனார்.